கீழ் போர்ஷனில் ஓனர்

நவம்பர் 10, ஞாயிறு

வீடு தேடி மந்தைவெளிக்கு மறுபடியும் போய் வந்தோம். முதல் வீட்டில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டுவிட்டார்கள், "நீங்க வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா?" என் மனைவி ஆவுடைக்குப் பொய் வராது. அரிச்சந்திரன் வீட்டுப் பெண் மாதிரி உண்மையைச் சொன்னாள். கேட் சாத்திக்கொண்டது. இரண்டாவது வீட்டில் அந்தக் கேள்வியே வரவில்லை. ஆனால் வாடகையைக் கேட்டபோது, கேள்வி கேட்காததற்கும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள் என்று தெரிந்தது.

எல்லாம் மாமாவுக்காக. மாமா என்றால் ஆவுடையின் அப்பா மந்திரமூர்த்தி. திருச்செந்தூர்ப் பக்கம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தொண்டையில் கட்டி வந்து, கரண்ட் என்கிற கதிர்வீச்சு வைத்து, அது ஒரு வழியாக முடிந்தது. இனி ஒரு வருடம் வாராவாரம் மருந்து ஏற்ற வேண்டுமாம். ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலேற்றி, இறக்கி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்துவதற்குள் மனிதர் பாதியாகிவிடுகிறார். ஆயுளெல்லாம் பஸ் ஓட்டியவர் ரயிலில் வாந்தி எடுக்கிறார். கேட்டால், "டிரைவர் சரியில்ல மாப்ளே" என்று ரயிலைக் குறை சொல்கிறார்.

தரகர் தணிகாசலம் எங்களோடு அலைந்து அலைந்து அவருக்கே வெறுத்துவிட்டது. டீக்கடையில் நின்று சொன்னார்: "சார், உங்களுக்கு இந்த ஏரியாவுல வாடகைக்கு ஆவாது. பேசாம வாங்கிடுங்க. வாங்குறவன் இன்னா துன்றான்னு எவனும் கேக்க மாட்டான்."

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். அவர் உண்மையாகவே ஒரு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கார் நுழையாத சந்து. மூன்று போர்ஷன். கீழே இருட்டாக இரண்டு அறை. முதல் மாடி பெரியது, நல்ல காற்று. மொட்டை மாடியில் ஒற்றை அறை. சந்து வீடு என்பதால் விலை மலிவு என்றார். இந்த ஊரில் மலிவு என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம்.

ஆவுடை பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். திரும்பும்போது ரயிலில் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். தூங்குகிறாள் என்று பார்த்தால் கணக்குப் போட்டிருக்கிறாள்.

"மாடி ரெண்டையும் வாடகைக்கு விட்டா, தவணையில முக்காவாசிய அவங்களே கெட்டிருவாங்க. நாம கீழ இருந்துக்கிடுவோம்."

"ஓனர் கீழ் போர்ஷன்லயா?"

"உங்களுக்கு ஓனரா இருக்கணுமா, மந்தைவெளியில இருக்கணுமா?"

நவம்பர் 13, புதன்

கோயம்புத்தூர் விடுதியில் படிக்கும் மகள் போனில் சரி என்கிறாள். வங்கி மேனேஜர் பார்க்கலாம் என்கிறார். மாமாவைக் கேட்டேன். "கடல் பக்கமா?" என்றார். நடக்கிற தூரம் என்றேன். "அப்பம் சரி."

டிசம்பர் 8, ஞாயிறு

எங்கள் ஊரப்பாக்கம் ஃபிளாட்டை வாங்க ஆள் வந்துவிட்டார்கள். ஆவுடை பால்கனியில் வைத்திருந்த துளசித் தொட்டியையும் சேர்த்துக் கேட்டார்கள். தர மாட்டேன் என்று சண்டை பிடித்தேன். வீட்டையே தருகிறவனுக்குத் தொட்டியில் என்ன வீம்பு என்று ஆவுடை சிரிக்கிறாள்.

ஜனவரி 22, புதன்

பத்திரம் பதிவாகிவிட்டது. என் பெயரை முழுதாக வாசித்தார்கள்: வெங்கடாசலபதி. அப்பா திருப்பதிக்கு வேண்டிக்கொண்டு வைத்த பெயர். வேண்டுதலின் பலன் நாற்பத்தாறு வயதில் ஒரு சந்து வீடு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? அலுவலகத்தில் எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பால் காய்ச்சினோம். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நல்ல சகுனம் என்றார்கள். வழிந்ததைத் துடைத்தது நான்.

மாமாவுக்கு ஜன்னல் ஓரம் கட்டில் போட்டிருக்கிறோம். அந்த ஜன்னலுக்கு நேர் மேலே முதல் மாடிச் சமையலறை ஜன்னல். பழைய மரக்கதவு, சாத்தினால் சந்து முழுக்கக் கேட்கிறது. கீல்களுக்கு எண்ணெய் விட வேண்டும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொன்னேன். ஆவுடை என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

பிப்ரவரி 5, புதன்

மொட்டை மாடி அறைக்கு ஆள் வந்தாயிற்று. ஹரிகரசுதன். சுருக்கமாகச் சுதன். கரூர்க்காரப் பையன், கம்ப்யூட்டர் கம்பெனியில் ராத்திரி ஷிஃப்ட். பகலெல்லாம் தூங்குகிறான். கொடியில் காயும் துண்டு மட்டும்தான் அவன் இருப்பதற்கு அத்தாட்சி. இந்த மாதிரி வாடகைக்காரர் பத்துப் பேர் கிடைத்தால் பத்து மாடி கட்டலாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

முதல் மாடியைப் பார்க்க ஒரு தம்பதி வந்தார்கள். சக்ரபாணி, ஆடிட்டர் ஆபீசில் வேலை, பேச்சு குறைவு. அவர் மனைவி வைதேகி. குறைவை அவர் ஈடு கட்டுகிறார். வீடு பிடித்துவிட்டது, வாடகைக்கும் மறுபேச்சில்லை. படியிறங்கும்போது வைதேகி அம்மாள் நின்றார்.

"ஒரே ஒரு விஷயம்தான் சார். தப்பா எடுத்துக்காதேங்கோ. எனக்குக் கவிச்சி வாசனை துளிகூட ஒத்துக்காது. கீழாத்துல…"

நான் வாயைத் திறப்பதற்குள் தணிகாசலம் முந்திக்கொண்டார்: "ஓனர் சாருங்களா? பேரே வெங்கடாசலபதி மா! முட்டைகூட சேத்துக்க மாட்டாங்க."

அம்மாள் என் முகத்தைப் பார்த்தார். என் தலை தானாக ஆடியது. ஆமாம் என்றும் இல்லாமல், இல்லை என்றும் இல்லாமல் ஆட்ட நினைத்தேன். அது ஆமாம் மாதிரியே ஆடிவிட்டது.

அவர்கள் போனபிறகு ஆவுடை கேட்டாள்: "வாங்குறவன் என்ன திங்கான்னு எவனும் கேக்க மாட்டான்னு சொன்னாரே?"

மார்ச் 1-ம் தேதி தவணை என்று மட்டும் சொன்னேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சக்ரபாணி குடும்பம் குடிவந்தது. வைதேகி அம்மாள் ஒரு டம்ளர் ரவா பாயசம் கொடுத்தனுப்பினார். நன்றாக இருந்தது. மாமா ஒரு வாய் வைத்துவிட்டு, "மண்ணு மாதிரி இருக்கு" என்றார். பாயசத்தின் மேல் குற்றமில்லை. கரண்ட் வைத்ததிலிருந்து நாக்கில் ருசியே இல்லை அவருக்கு. இட்லியும் மண், இளநீரும் மண்.

பிப்ரவரி 23, ஞாயிறு

முதல் முறையாக மீன் இல்லாத ஞாயிற்றுக்கிழமை. நான் பாரிமுனையில் ஆபீஸ் பக்கத்து மெஸ்ஸில் மத்தியானம் மீன் சாப்பிட்டுக்கொள்கிறேன். ஆவுடை, "எனக்கு ஒண்ணும் இல்ல, ஒரு பழக்கந்தான" என்கிறாள். மாமாவிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. மருமகன் வீட்டில் இருக்கிறவர் இல்லையா, எதையும் கேட்டு வாங்க மாட்டார். அந்த வீம்புக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

மோட்டார் காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும்தான் என்று படிக்கட்டில் எழுதி ஒட்டினேன்.

மார்ச் 5, புதன்

ஆஸ்பத்திரி. ஆட்டோவில் கால் மணி நேரம். மாமா வாந்தி எடுக்கவில்லை. இந்த வீட்டை வாங்கியது சரிதான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா எடையைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இறங்கிட்டே போகுது. என்ன சாப்பிடறார்?"

ஆவுடை பட்டியல் சொன்னாள். டாக்டர் நிறுத்தினார்: "நீங்க குடுக்கிறதைக் கேக்கலை. அவர் சாப்பிடறதைக் கேட்டேன். எது உள்ளே போகுதோ அதைக் குடுங்க, எதுவா இருந்தாலும். இப்படியே போனா மூக்கு வழியா குழாய்தான் போடணும்."

மாமாவுக்கு முகம் மாறிவிட்டது. திரும்பும் வழியெல்லாம் மூக்கைத் தடவிக்கொண்டே வந்தார். பக்கத்துக் கட்டிலில் குழாயோடு ஒருவர் கிடந்ததை நானும் பார்த்தேன்.

மார்ச் 8, சனி

சாயங்காலம் மாமாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். (ஆவுடைக்குக் கைவலி, அதனால்தான்.) வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "டூட்டி முடிஞ்சு வந்தா ஒங்க அத்தை கஞ்சிக்கு ஒரு துண்டு சீலாக் கருவாடு வாட்டி வைப்பா மாப்ளே. அது மட்டும் இப்பமும் நாக்குல நிக்கி."

அவ்வளவுதான் சொன்னார். கேட்கவில்லை. சொன்னார்.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் நடக்கப் போகிறேன் என்று கிளம்பிப் பட்டினப்பாக்கம் போனேன். வாங்கியதை மூன்று பையில் சுற்றி, அதை டிபன் டப்பாவில் போட்டு, டப்பாவை ஆபீஸ் பையில் வைத்து எடுத்து வந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் பையோடு வந்தவனைப் பார்த்து, மாடியிலிருந்து வைதேகி அம்மாள், "இன்னிக்கும் வேலையா சார், பாவம்" என்றார்.

ஜன்னல் எல்லாம் சாத்தினோம். கதவிடுக்கில் ஈரத்துண்டு வைத்தோம். ஆவுடை ஒரு கையால் கருவாட்டை வாட்டினாள், மறுகையால் சாம்பிராணி போட்டாள். வீடே புகைந்து, மூன்று பேரும் இருமினோம். திருடப் போனவர்கள்கூட இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டார்கள்.

மாமா கஞ்சியில் அதைப் பொடித்துப் போட்டு வாயில் வைத்தார். மெல்லவில்லை. அப்படியே வைத்திருந்தார். பிறகு, "உப்பு தெரியுதுட்டி" என்றார். இரண்டு கரண்டிக் கஞ்சி, மிச்சமில்லாமல். ஆவுடை சமையலறைக்குள் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். எனக்கும் கண் எரிந்தது. சாம்பிராணி.

மார்ச் 16, ஞாயிறு

இந்த வாரம் மூன்று நாள் சாப்பிட்டார். வேட்டியைத் தானே கட்டிக்கொள்கிறார். ரேடியோவைத் தானே எழுந்து போட்டுக்கொண்டார்.

மாலை வைதேகி அம்மாள் இறங்கி வந்தார். முந்தானை மூக்கருகில்.

"சார், சொல்றதுக்கே சங்கடமா இருக்கு. மொட்டை மாடிப் பையன் என்னமோ சமைக்கறான் போலருக்கு. ரெண்டு மூணு நாளா ஒரே வாசனை. எனக்குச் சாதமே எறங்கலை. நீங்க ஓனர், நீங்க ஒரு வார்த்தை சொன்னா நின்னுடும்."

"மொட்டை மாடியா?" என்றேன்.

"வேற யார் சார் இருக்கா?" என்று என்னையே பார்த்தார்.

"நான் கண்டிக்கிறேன்மா" என்றேன்.

மார்ச் 17, திங்கள்

மாடிக்குப் போனேன். சுதன் தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறந்தான். "தம்பி, இது ஃபேமிலி இருக்கிற இடம். மத்தவங்களுக்கு ஒத்துக்காததைச் சமைக்கக் கூடாது" என்றேன். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். கல்யாணமான புதிதில் சைதாப்பேட்டையில் எங்களைக் காலி செய்யச் சொன்ன ஓனரின் குரல்.

இல்லை என்பான், சண்டை போடுவான், அப்படியே மழுப்பிவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவன் கையைக் கட்டிக்கொண்டான்.

"சாரிங்க சார். வேலை முடிஞ்சு வந்து ஒரு ஆம்லெட் போட்டுக்குவேனுங்க. வாசனை அவ்வளவு தூரம் வரும்னு தெரியலைங்க. இனிமே முட்டைகூட வாங்கலைங்க."

அறையில் ஒரே ஒரு மின் அடுப்பும், அட்டையில் ஆறு முட்டையும் இருந்தன. அந்த அட்டையை அப்போதே எடுத்துக் கீழே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தண்ணீர்த் தொட்டியின் மூடி உடைந்திருக்கிறது. மாற்ற வேண்டும்.

மார்ச் 18, செவ்வாய்

மூடி மாற்றியாயிற்று.

மார்ச் 26, புதன்

எடை அரைக் கிலோ கூடியிருக்கிறது! டாக்டர் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். மாமா பெருமையாக, "சீலா" என்றார். டாக்டரம்மா அதை ஏதோ மருந்தின் பெயர் என்று எழுதப் போய்விட்டார்.

குழாய்ப் பேச்சு இன்று எழவில்லை. வரும் வழியில் மூன்று பேரும் கரும்புச் சாறு குடித்தோம். இவ்வளவு நிம்மதியான நாள் இந்த வருடத்தில் இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

வைதேகி அம்மாள் மறுபடியும் சொன்னார், மாடிப் பையன் திருந்தவில்லை என்று. மறுபடியும் என்னையே பார்த்தார். நான் மறுபடியும் படியேறினேன். என்ன சொன்னேன் என்று எழுதப்போவதில்லை. அந்தப் பையன் அடுப்பையே பெட்டிக்குள் வைத்துக் கட்டிவிட்டானாம். ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிடுகிறான்.

ஆவுடையிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த விடைத்தாளைக் கீழே வைத்துவிட்டாள். "நம்மள இப்பிடி எத்தன வீட்ல பேசியிருப்பாங்க?" என்றாள். பிறகு, "அப்பாக்கு எடை கூடுதுல்லா" என்றாள். இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொன்னாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

சுதன் காலி செய்கிறான். சாவியைக் கொடுக்க வந்தான். நாற்காலியில் உட்காரச் சொன்னால்கூட உட்காரவில்லை.

"பள்ளிக்கரணையில ரூம் கெடைச்சிருக்குங்க சார். என்னால உங்களுக்கும் மாடியம்மாவுக்கும் ரொம்ப சிரமமாப் போச்சுங்க. ஆனா ரெண்டாவது தடவை நீங்க வந்தப்ப நான் நெசமாவே ஒண்ணும் சமைக்கலைங்க. கருவாடுன்னு சொன்னீங்க. எங்க வீட்ல அதெல்லாம் பழக்கமே இல்லைங்க. அது மட்டும் மனசுல இருந்துச்சுங்க, சொல்லிட்டுப் போலாம்னு."

கட்டில் கிறீச்சிட்டது. மாமா எழுந்து உட்கார்ந்திருந்தார். இவ்வளவு நாளும் அவருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. இப்போது முழுதாகக் கேட்டுவிட்டார்.

மத்தியானம் ஆவுடை கஞ்சியும் கருவாடும் கொண்டுபோனாள். கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"பஸ்ஸக் கொண்டு இடிச்சிட்டு முன்னால போறவன் மேல தப்புன்னு எழுதிக் குடுத்துத் தப்பிச்ச டிரைவர்மாரை எனக்குத் தெரியும் மாப்ளே. அவங்ககூட ஒக்காந்து டீ குடிச்சதில்ல நான்."

என்னைத் திட்டியிருந்தால் தேவலை. நான் வாசலில் போய் நின்றுகொண்டேன்.

ஏப்ரல் 23, புதன்

கருவாடு வேண்டாமாம். வேறு எதுவும் இறங்கவில்லை. சுதனுக்குப் போன் செய்தேன். சமைத்தது நாங்கள்தான், உன்னைச் சொன்னது அநியாயம் என்றேன். "பரவால்லைங்க சார். இங்க முட்டை போட்டுக்கலாம்னு சொல்லியிருக்காங்க" என்றான். திரும்பி வா என்றேன். அட்வான்ஸ் கொடுத்துவிட்டானாம். வரமாட்டான், எனக்கே தெரிகிறது. நானும் போயிருக்க மாட்டேன்.

ஏப்ரல் 30, புதன்

கூடியது எல்லாம் இறங்கி, அதற்குமேலும் இறங்கிவிட்டது. அடுத்த எடைப் பரிசோதனையிலும் இப்படியே இருந்தால் குழாய்தான் என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். மே 12, திங்கட்கிழமை. மாமா சரி என்று தலையாட்டினார். அவர் தலையாட்டியதைப் பார்த்தபோது எனக்குப் பயம் வந்துவிட்டது. குழாய் என்றதும் வழியெல்லாம் மூக்கைத் தடவிக்கொண்டு வந்த மனிதர் இவர்.

மே 1, வியாழன்

விடுமுறை. காலையில் காபி குடிக்காமலே முதல் மாடிக்குப் போனேன். சக்ரபாணி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வைதேகி அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: நாங்கள் நான்-வெஜ், அன்றைக்குத் தலையாட்டியது பொய், கருவாடு எங்கள் வீட்டில்தான், மாமாவுக்காக, எடை ஏறாவிட்டால் அவர் மூக்கில் குழாய். நீங்கள் காலி செய்வதாக இருந்தால் அட்வான்ஸை முழுசாகத் திருப்பித் தருகிறேன். (எங்கிருந்து தருவேன் என்று தெரியாமல்தான் சொன்னேன்.)

அவர் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும் சார்."

"தெரியுமா?"

"வாசனை மேலேர்ந்து கீழ எறங்குமா? அதுகூடத் தெரியாதவளா நான்? ஓனர்கிட்ட மூஞ்சிக்கு நேரா எப்படிக் கேக்கறதுன்னுதான் அந்தப் பையன் பேரைச் சொன்னேன். ஜாடையாச் சொன்னா புரிஞ்சிண்டுடுவேள்னு பாத்தேன்." இப்போதுதான் நிமிர்ந்தார். "அந்தப் பையன் காலி பண்ணிண்டு போனானே. நீங்க… நெஜமாவே அவன்கிட்டப் போய்ச் சொன்னேளா?"

நான் தலையைக் குனிந்தேன். அவர் கையிலிருந்த கீரைக்கட்டு மடியில் விழுந்தது.

"ஐயோ. அப்போ என் வாயாலன்னா அவன் போயிருக்கான்."

சக்ரபாணி பேப்பரை மடித்து வைத்தார். குடிவந்த நாளிலிருந்து அவர் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் இதுதான்: "ஒக்காருங்கோ சார், காபி சாப்பிடுங்கோ."

காபி வந்தபிறகு வைதேகி அம்மாள் சொன்னார்: "பொய் சொல்ல மாட்டேன். அந்த வாசனை வந்தா எனக்கு வயத்தைப் பெரட்டறது. அதுக்காக ஒருத்தர் மூக்குல குழாயோட கெடக்கணுமா? நான் ஒண்ணு சொல்றேன். அடுப்புல வெக்கறதுக்கு முன்னாடி ஒரு மிஸ்டு கால் குடுங்கோ. சமையலறை ஜன்னலைச் சாத்திக்கறேன். முடிஞ்சதும் இன்னொரு மிஸ்டு கால். தொறந்துக்கறேன். தீந்துது."

படியிறங்கினேன். நாற்பத்தாறு வயதில் இவ்வளவு லேசாக இறங்கியதில்லை.

மே 2, வெள்ளி

மாமாவிடம் ஏற்பாட்டைச் சொன்னேன். முடிந்தது பிரச்சினை என்று நினைத்தேன். முடியவில்லை.

"அந்தம்மா ஜன்னலைச் சாத்திக்கிட்டு மூச்ச அடக்கிக்கிட்டு இருக்கணும், நான் இங்கன ருசி பாக்கணுமா? வேண்டாம் மாப்ளே. நாளைக்குப் போற உசுருக்கு எதுக்கு இவ்வளவு மிஸ்டு காலு?"

ஆவுடைக்குக் கோபம் வந்துவிட்டது. "நாளைக்குப் போற உசுருன்னா நான் எதுக்கு வீட்ட வித்து வீடு வாங்குனேன்? நீங்க சொல்லுங்கப்பா" என்று கத்தினாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மே 4, ஞாயிறு

இன்று கத்திரி ஆரம்பம். சந்தில் நாய்கூட இல்லை. மோட்டார் நோட்டீஸைக் கிழித்துவிட்டேன். இந்த வெயிலில் யாருக்கு எப்போது தண்ணீர் வேண்டுமோ போட்டுக்கொள்ளட்டும்.

மே 7, புதன்

இரண்டு வாய் கஞ்சி. கருவாட்டு டப்பா திறக்கப்படவே இல்லை.

மொட்டை மாடி அறைக்குத் தணிகாசலம் ஆள் கொண்டுவந்தார். "ஓனர் வெஜ்ஜான்னு கேப்பாங்க சார், இன்னா சொல்லட்டும்?" என்றார். கீழே வந்து முகர்ந்து பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றேன்.

மே 8, வியாழன்

ஆவுடைக்குக் கோடை விடுமுறை. மத்தியானம் பன்னிரண்டரைக்கு மேலே சமையலறை ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டதாம். யாரும் மிஸ்டு கால் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திறந்ததாம். காற்றாக இருக்கும் என்றேன். காற்று எங்கே இருக்கிறது என்றாள்.

மே 9, வெள்ளி

இன்றும் அதே நேரத்துக்கு ஜன்னல். ஆவுடை மேலே போய்க் கேட்டிருக்கிறாள். வைதேகி அம்மாள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "கூப்பிடாம இருக்கேளே, ஒருவேளை போன்ல காசு இல்லையோன்னு நெனைச்சேன். அப்பா சாப்பிட்டாரா?" என்றாராம். இல்லை என்று சொல்லிவிட்டு, ஆவுடை அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டு வந்திருக்கிறாள்.

மே 10, சனி

நானும் வீட்டில் இருந்தேன். நாளை மறுநாள் ஆஸ்பத்திரி. மாமா ஜன்னல் ஓரம் கண்ணை மூடிப் படுத்திருந்தார். ஆவுடை ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். நான் விசிறிக்கொண்டிருந்தேன். கரண்ட் இல்லை.

பன்னிரண்டரை. மேலே மரக்கதவு சாத்திக்கொண்டது. வழக்கத்தைவிடப் பலமாக, கீழே இருக்கிறவனுக்குக் கேட்க வேண்டும் என்றே சாத்தின மாதிரி. கீல்களுக்கு நான் எண்ணெய் விடாதது நல்லதாகப் போயிற்று.

மாமா கண்ணைத் திறந்தார். "ஏட்டி, நீ போன் போட்டியா?"

"இல்லப்பா."

"நேத்தும் போடல?"

"முந்தாநாளும் போடல."

மேலே பார்த்தபடியே கிடந்தார். மேல்மாடியில் பாத்திரம் நகரும் சத்தம். அந்த அம்மாள் கரண்ட் இல்லாத அடுக்களையில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். எனக்கு மறுபடியும் கண் எரிந்தது. சாம்பிராணி இல்லை இன்று, சாக்குச் சொல்ல.

"மாப்ளே" என்றார் மாமா. "ஸ்டாப்புல ஆள் நின்னா வண்டிய நிறுத்தாமப் போனதில்ல நான். அவுக வேக்காட்டுல நிக்காவ. சும்மா நிக்க வைக்கலாமா? ஒரு துண்டு வாட்டச் சொல்லுங்க."

ஆவுடை டப்பாவை அவசரமாகத் திறக்கப்போய்க் கீழே போட்டுவிட்டாள். நான் பொறுக்கினேன். எங்கள் ஜன்னல் ஒன்றையும் சாத்தவில்லை. ஈரத்துண்டு இல்லை, புகை இல்லை. மந்தைவெளிச் சந்தில், நடு மத்தியானத்தில், சீலாக் கருவாடு வெளிப்படையாக மணந்தது. மாமா கஞ்சியில் பொடித்துப் போட்டு, மெதுவாக, ஒவ்வொரு வாயாக, கிண்ணத்தின் அடி தெரியும்வரை சாப்பிட்டார்.

ஆவுடை கண்ணைத் துடைத்துக்கொண்டு மிஸ்டு கால் கொடுத்தாள். மேலே ஜன்னல் திறந்தது.

மாமா காலிக் கிண்ணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மருமகன் வீட்டில் இதுவரை எதையும் கேட்டு வாங்காத மனிதர் கிண்ணத்தை நீட்டினார்.

"இன்னொரு துண்டு கெடைக்குமா?"

ஆவுடை மறுபடியும் போனை எடுத்தாள். மேலே ஜன்னல் சாத்திக்கொண்டது.